கட்டைவிரல் கேட்காத துரோணர்

கேள்வி: ஓடி ஜெயிப்பது நாங்கள். எங்கள் கோச்சுக்கு என்ன மிச்சம்?
– கல்லூரி மாணவி, காங்கேயம்

பதில்: வறண்ட தொண்டையும் விசில் கயிறும்! கேரளத்து ஓ.எம். நம்பியாரைப் பாருங்கள். விமானப்படையிலிருந்து வந்தவர். கண்ணூர் விளையாட்டுப் பிரிவில் பி.டி. உஷாவைக் கண்டெடுத்தார். பய்யோலி கடற்கரையில் ஓடவிட்டார். காலைப் பிடித்திழுக்கும் மணலில் ஓடிப் பழகியவருக்கு மைதானம் வெண்ணெய்தானே! 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில், 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில், நொடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலம் போயிற்று. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. மறுவருடமே ஜகார்த்தா ஆசியத் தடகளப் போட்டியில் உஷாவுக்கு ஐந்து தங்கம். துரோணாச்சார்யா விருது தொடங்கிய அந்த 1985லேயே நம்பியாருக்கும் கிடைத்தது. கட்டைவிரல் கேட்காத துரோணர் அவர்! பத்மஸ்ரீ மட்டும் 2021 வரை காத்திருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் மறைந்தார்.