ரெண்டாங்குக்குக் கஞ்சிதான் சரி

இந்தோனேசியாவின் ரெண்டாங் சாதாரண இறைச்சிக் கறியல்ல. 2011-இல் சி.என்.என். நடத்திய வாசகர் வாக்கெடுப்பில் உலகின் சுவையான உணவுகளில் முதலிடம் பிடித்தது அது. இவ்வளவு பெரிய மனிதருக்குப் பக்கத்து நாற்காலியில் யாரை உட்கார வைப்பது என்ற கேள்வியை மட்டும் எவரும் எழுப்புவதில்லை. சோறு என்று எப்போதோ முடிவாகிவிட்டதாக நினைப்பு. என் கட்சி வேறு. நன்றாகச் சுண்டிய ரெண்டாங்குக்கு, தேங்காய்ப்பால் விட்டுக் குழையக் காய்ச்சிய அரிசிக் கஞ்சியைப் போலப் பொருத்தமான துணை கிடையாது. கஞ்சி என்றதும் காய்ச்சல், தெர்மாமீட்டர், சுட்ட அப்பளம் என்று நினைவு ஓடுகிறவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். கொலை வழக்கில்கூட எதிர்த்தரப்பை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்கிறார்கள்.

முதலில் அந்தச் சட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ரெண்டாங் மேற்குச் சுமத்திராவின் மினாங்கபாவு மக்களுடைய சமையல். மாட்டிறைச்சி அல்லது எருமை இறைச்சி, பெரிய துண்டுகளாக. மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, பேரரத்தை அரைத்த விழுது. வாசனைக்கு எலுமிச்சைப் புல்லும் மஞ்சள் இலையும். இத்தனையையும் மூழ்கடிக்கத் தேங்காய்ப்பால். 1 கிலோ இறைச்சிக்கு 2, 3 தேங்காய் வரை போகும். அடுப்பில் ஏறிய புதிதில் இது வெறும் குழம்பு, அதன் பெயர் குலாய். பால் வற்றிக் கெட்டியாகிப் பழுப்பேறினால் காலியோ. பசி தாங்காதவர்கள் இந்தக் கட்டத்திலேயே தட்டை நீட்டிச் சட்டியையும் காலியாக்கிவிடுவது உண்டு. அவர்கள் ரெண்டாங்கைப் பார்க்கக் கொடுத்துவைக்காதவர்கள். தீயைக் குறைத்து இன்னும் கிண்டிக்கொண்டே இருந்தால்தான் பால் திரிந்து, தண்ணீர் போய், எண்ணெய் பிரிந்து, அந்த எண்ணெயிலேயே இறைச்சி வறுபடத் தொடங்கும். ஊர் உலகமெல்லாம் வதக்கிவிட்டு வேகவைக்கும். மினாங்கபாவுக்காரர்கள் வேகவைத்துவிட்டு வதக்குகிறார்கள். 4 மணி நேரம் ஆவது சாதாரணம். முடிவில் கிடைப்பது கருத்த, ஈரமற்ற, வாரக்கணக்கில் கெடாத கறி. அந்தச் சமூகத்தில் வீடும் நிலமும் பெண்வழியில் போகின்றன. ஆண்கள் பிழைப்புத் தேடி வெளியூர் போவது பழைய வழக்கம். அவர்களுக்கு வழித்துணையாகக் கட்டிக்கொடுக்க ஏற்ற கறி இது. சொத்து கிடையாது, ஆனால் கறி உண்டு என்பது அப்படியொன்றும் மோசமான பாகப்பிரிவினை இல்லை. நம் வழக்குக்குத் தேவையானது இவ்வளவுதான்: ரெண்டாங் தன் உடம்பிலிருந்த நீரையெல்லாம் துறந்த சந்நியாசி. நீரைத் தவிர வேறு சொத்தே இல்லாத கஞ்சியை அதன் எதிரில் வைப்பது பொருத்தம் பார்க்கத் தெரிந்தவர்கள் செய்யும் வேலை.

ரெண்டாங் விஷயத்தில் மாற்றுக் கருத்துச் சொல்வதன் ஆபத்து தெரியாமல் இதை எழுதவில்லை. 2018-இல் பிரிட்டனின் மாஸ்டர்செஃப் போட்டியில் மலேசியாவில் பிறந்த ஒரு பெண் கோழி ரெண்டாங் சமைத்தார். தோல் மொறுமொறுப்பாக இல்லை என்று நடுவர் ஒருவர் குறை சொன்னார். மணிக்கணக்கில் தேங்காய்ப்பாலில் கிடந்த கோழியிடம் மொறுமொறுப்பைக் கேட்பது நியாயமா என்று மலேசியா கொதித்தெழுந்தது. பொதுத்தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத பிரதமர் நஜீப்பும் எதிரணியிலிருந்த மகாதீரும் இதில் மட்டும் ஒரே அணியில் நின்றார்கள். இன்னொரு நடுவர், ரெண்டாங் ஒருவேளை இந்தோனேசியாவுடையதோ என்று ட்விட்டரில் கிளப்பிவிட்டு, நமஸ்தே என்று முடித்தார். எரிகிற வீட்டில் மூன்றாவது நாட்டின் எண்ணெயை ஊற்றுவது என்றால் இதுதான்.

ஆகவே முதல் ஆட்சேபணையை மரியாதையோடு எடுத்துக்கொள்கிறேன்: ரெண்டாங்கை மரபாகச் சாப்பிடுவது சோற்றோடு, கஞ்சியோடு அல்ல. உண்மைதான். மினாங்கபாவுச் சமையலைப் பரிமாறும் பாடாங் உணவகங்களில் தட்டுகளைக் கைமீது அடுக்கடுக்காகச் சுமந்து வந்து மேசையில் பரப்புவார்கள். நாம் கைவைத்த தட்டுக்கு மட்டும் காசு. அந்த வரிசையில் கஞ்சியைத் தேட வேண்டியதில்லை. ஆனால் பெருநாள் அன்று ரெண்டாங்குக்குத் துணையாக வருவது வெறும் சோறில்லை. ஒட்டரிசியைத் தேங்காய்ப்பாலோடு மூங்கில் குழாயில் ஊற்றி நெருப்பில் சுட்ட லெமாங் வருகிறது. மலேசியாவில் தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக்கோடு ரெண்டாங் சர்வசாதாரணம். அரிசி, தேங்காய்ப்பால், ரெண்டாங் என்ற மூவர் கூட்டணி ஏற்கெனவே ஏற்பட்டதுதான். நான் கேட்பதெல்லாம் அந்த அரிசி இன்னும் கொஞ்சம் குழையட்டும் என்பதே. தேங்காய்மேல் தேங்காயா, திகட்டாதா என்ற இரண்டாவது ஆட்சேபணைக்கும் இதே மூவர் பதில் சொல்லிவிடுகிறார்கள். கறியிலுள்ள தேங்காய் வறுபட்டுக் கசப்பின் எல்லையைத் தொட்டுத் திரும்பியது. கஞ்சியிலுள்ளது பிழிந்த ஈரம் மாறாதது. தாத்தாவையும் பேரனையும் ஒரே ஆள் என்று சொல்வாருண்டா?

கஞ்சி நோயாளிக்கானது என்பது மூன்றாவது ஆட்சேபணை. இந்தோனேசியாவிலும் நோயாளிக்கும் குழந்தைக்கும் கஞ்சிதான் கொடுக்கிறார்கள். ஆனால் காலையில் ஜகார்த்தாவின் தள்ளுவண்டிகளைச் சூழ்ந்து நின்று கோழிக் கஞ்சி குடிப்பவர்கள் யாருக்கும் காய்ச்சல் கிடையாது. அந்தக் கிண்ணத்தில் கஞ்சிக்கு மேலே என்ன விழுகிறது என்பதைத்தான் நீதிமன்றம் கவனிக்க வேண்டும். பிய்த்துப் போட்ட கோழி, வறுத்த வெங்காயம், வறுத்த சோயா, பொரித்த மாவுத் துண்டு, அப்பளத்துக்கு உறவுக்காரனான குருப்பூக். எல்லாம் உலர்ந்த பேர்வழிகள். கஞ்சி தானாகவே வறண்ட துணையைத் தேடும் சுபாவம் உடையது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

செய்முறையில்தான் சுவாரசியமான சிக்கல். 1 பங்கு அரிசிக்கு 8 முதல் 10 பங்கு தண்ணீர், ஒரு துண்டு இஞ்சி, உப்பு. பருக்கை உடைந்து மாவுச்சத்து வெளியேறும்வரை கிளற வேண்டும். கெட்டிப் பாலைக் கடைசியில் ஊற்றித் தீயை அடக்கிவிட வேண்டும். தளதளவென்று கொதிக்கவிட்டால் பாலில் கொழுப்பைக் கட்டிவைத்திருக்கும் புரதம் குலைந்து, பால் திரிந்து எண்ணெய் மிதக்கும். அதாவது பக்கத்து அடுப்பில் எது நடந்தால் வெற்றியோ அதுவே இந்த அடுப்பில் நடந்தால் மானக்கேடு. ஒரே தேங்காய், ஒரே நாள், இரண்டு சட்டம். இவ்வளவு நேரம் யாருக்கு இருக்கிறது என்று கேட்பவர்களுக்காக அரை மணி ரெண்டாங், குக்கர் ரெண்டாங் என்றெல்லாம் குறிப்புகள் உலவுகின்றன. மூடிய குக்கரில் நீர் எங்கே வற்றும்? விசில் எத்தனை அடித்தாலும் உள்ளே இருப்பது குலாய்தான். இறைச்சியைச் சீக்கிரம் வேகவைக்க மட்டும் அது உதவும். பிறகு மூடியைத் திறந்து வாணலிக்கு மாற்றி நின்று கிண்டத்தான் வேண்டும். எப்படியும் அடுப்படியில் நிற்கப்போகிற ஆளுக்குக் கஞ்சியைக் கிளறுவது கூடுதல் வேலையா என்ன? வலது கைக்கு ரெண்டாங், இடது கைக்குக் கஞ்சி.

மீதமிருப்பது இந்தோனேசியர்களே தீர்க்க முடியாமல் இரு கட்சியாகப் பிரிந்திருக்கும் விவகாரம்: மேலே போட்டதையெல்லாம் கஞ்சியோடு கலக்கிச் சாப்பிடுவதா, கலக்காமல் ஓரத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுவதா? கோழிக் கஞ்சியில் அவரவர் விருப்பம், நான் தலையிடவில்லை. ரெண்டாங் விஷயத்தில் கலக்காதவர் கட்சியே சரி. 4 மணி நேரம் நின்று வற்றவைத்த கறியைக் கஞ்சிக்குள் அமுக்கிக் கலக்குகிறவர் அதை மறுபடி குலாய் ஆக்குகிறார். அவருக்கு முதல் அரை மணியிலேயே பரிமாறி அனுப்பிவிடலாம்.