சிறுபோகக் கூட்டமும் ஒரு பைட்டர் மீனும்

தண்ணீரைப் பற்றி எனக்கொன்றும் தெரியாது என்று சொல்லும் மனிதரை வன்னியில் நான் இதுவரை காணவில்லை. அரசியலே வேண்டாமென்பவர்கூட ஓரிருவர் உண்டு. தண்ணீரென்றால் மட்டும் எல்லோரிடமும் ஒரு கருத்து இருக்கும். அது பக்கத்தில் நிற்பவருடைய கருத்துக்கு நேரெதிராகவும் இருக்கும். இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொடுக்கலாமா கூடாதா என்று வருடக்கணக்காக வாதாடிய சனம் நாங்கள். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர், எந்தத் திகதியில் துருசு திறப்பது என்று தீர்மானிக்க ஒவ்வொரு வருடமும் கூட்டம் வைப்பார்கள். அதற்குப் போய் வாய் திறவாமல் வீடு திரும்பியவர் என்று ஒருவரையும் நான் கேள்விப்பட்டதில்லை.

அப்படிப்பட்ட ஊருக்கு என் இளைய மகள் ஒரு பைட்டர் மீனை வாங்கி வந்தாள்.

மீன் இரண்டரை அங்குலம். அதில் பாதி வால். நீலமும் சிவப்புமாய், விரித்தால் அரைவட்டம். பார்க்க வந்த பக்கத்து வீட்டு அக்கா, "கண்டறியாத மீன் ஒண்டு! சொதிக்கும் காணாதே பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனா. குளத்து விராலோடு வளர்ந்தவர்களிடம் அதற்கு மேல் மரியாதையை எதிர்பார்க்கக் கூடாது. இத்தனைக்கும் விராலும் இதுவும் ஒரே பழக்கமுள்ளவை. இரண்டும் அடிக்கடி மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும். தண்ணீரிலுள்ள ஒட்சிசன் மட்டும் போதாது.

தொட்டி இருபது லீற்றர். கடைக்காரர் கூடவே ஒரு பில்டரையும் தலையில் கட்டியிருந்தார். தொட்டியின் விளிம்பில் கொழுவிவிடும் வகை. பெட்டியில் மணிக்கு 300 லீற்றர் என்று பெருமையாகப் போட்டிருந்தது. கணக்குப் பார்த்தால் நாலு நிமிடத்துக்கொரு முறை தொட்டித் தண்ணீர் முழுவதும் அதற்குள்ளால் போய் வரும். இரணைமடுவுக்கு இப்படியொரு ஏற்பாடு செய்திருந்தால் கமக்காரர் அமைப்புகள் மறுநாளே மகசர் கொடுத்திருக்கும். மீனுக்கு மகசர் எழுதத் தெரியாது. பில்டர் வாயிலிருந்து விழுந்த தண்ணீர் அதை ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் தள்ளியது. வாலை இழுத்துக்கொண்டு எதிர்த்து நீந்திப் பார்த்தது, களைத்தது, கடைசியில் பிளாஸ்ரிக் செடிக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டது. சாப்பாட்டைக் கண்டு வெளியே வந்தால், சாப்பாடு அதற்கு முன்பே சுற்றுப் பயணம் போயிருக்கும்.

பரம்பரையைப் பார்த்தால் இது போர்வீரன். சியாம் தேசத்தில் இந்த மீன்களைச் சண்டைக்கு விட்டுப் பந்தயம் கட்டினார்கள். பந்தயம் நடத்த அனுமதி கொடுத்த வகையில் அரசனுக்கு நல்ல வருமானம் வந்ததென்று கன்ரர் என்ற டென்மார்க் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். 1910 அளவில் றீகன் என்ற ஆங்கிலேயர் இதற்கு பெற்றா ஸ்பிளென்டன்ஸ் என்று விஞ்ஞானப் பெயர் வைத்தார். 2019இல் தாய்லாந்து அரசு தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. இவ்வளவு விருது வாங்கியவர் எங்கள் வீட்டில் ஒரு மோட்டரிடம் தோற்றுக்கொண்டிருந்தார். அதன்மீது பிழையில்லை. காட்டில் இதற்குச் சின்ன வால்தான். இருப்பிடமும் வயல், சதுப்பு, ஓடாத வாய்க்கால். அந்த வாலை இந்த நீளத்துக்கு இழுத்தவர்கள் வளர்ப்புக்காரர்கள். வேட்டியை அவர்கள் கட்டிவிட்டார்கள், ஓடச் சொன்னது நாங்கள்.

செய்தி பரவியது. மாலையில் எங்கள் விறாந்தையில் கூட்டம் கூடியது.

"உதை நிப்பாட்டிவிட்டால் சரிதானே?" என்றார் முன்வீட்டு அண்ணை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மீனின் கழிவிலும் மிஞ்சிய சாப்பாட்டிலும் அமோனியா உண்டாகும். அதைத் தின்று தீர்க்கும் பற்றீரியாக்கள் பில்டர்ப் பஞ்சில்தான் குடியிருக்கின்றன. ஓட்டம் நின்றால் காற்றில்லாமல் அவை சாகும். பிறகு அந்தத் தண்ணீரே மீனுக்கு நஞ்சு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்டை வெட்டினார்கள், நினைவிருக்கும். அன்று இந்த மீன் எங்களிடம் இருந்திருந்தால் நாட்டில் நிம்மதியாக இருந்த ஒரே சீவன் இதுதான். அதுவும் பஞ்சு பழுதாகும்வரை.

பிறகு வந்தவர் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஐயா. கதிரையில் இருக்கமாட்டேன் என்றார். "ஓட்டத்தைப் பாராமல் கதைக்கப்படாது" என்று சொல்லி, ஒரு சிட்டிகை உமி கேட்டு வாங்கித் தண்ணீரில் தூவினார். உமி தொட்டியைச் சுற்றிய வேகத்தைப் பார்த்து அவருடைய முகத்தில் வந்த கவலை 2018 டிசம்பர் வெள்ளத்துக்கு வந்த கவலைக்குக் குறைந்ததல்ல.

"முதல்ல வீழ்ச்சியைக் குறை தம்பி. தண்ணியை மேல ஏத்து."

ஏற்றினோம். பில்டர் வாய்மட்டத்துக்குத் தண்ணீர் வந்ததும் சத்தம் நின்றது, விழுகிற வேகமும் பாதியானது. இந்த மீன் துள்ளி வெளியே விழக்கூடியது என்பதால் தொட்டிக்கு மூடி போடவேண்டி வந்தது. ஓட்டம் இன்னும் மிச்சமிருந்தது. அப்போதுதான் ஐயா பிசோகொட்டுவவைப் பற்றிப் பேசத் தொடங்கினார். தேத்தண்ணி இரண்டு முறை வந்து போனது.

பேச்சில் சரக்கிருந்தது என்பதை ஒத்துக்கொள்ளவேண்டும். பெரிய குளமென்றால், தண்ணீர் வெளியேறும் இடத்தில் அதன் அழுத்தமே அணைக்கட்டைப் பிய்த்துவிடும். ஆகவே அந்தக் காலத்து ஆட்கள் கட்டுக்குள்ளேயே கல்லால் ஒரு சதுரக் கிணறு கட்டினார்கள். அதுதான் பிசோகொட்டுவ. தண்ணீர் அதற்குள் வந்து, அளவு பார்க்கப்பட்டு, மூர்க்கம் அடங்கி, பிறகுதான் வாய்க்காலுக்குப் போகும். வவுனிக்குளத்தையும் ஆராய்ந்து எழுதிய ஹென்றி பாக்கர் என்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர், ஐரோப்பாவில் இத்தகைய கிணறுகள் 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் பரவின என்று 1909இல் வெளிவந்த தன் நூலில் சொல்லியிருக்கிறார். "நாங்கள் ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னமே..." என்று ஐயா எழும்ப, அந்த "நாங்கள்" யார் என்று முன்வீட்டு அண்ணை கேட்க, கூட்டம் வேறு திசையில் போகப் பார்த்தது. மகள் சோடாப் போத்தலொன்றை வெட்டிக்கொண்டு வந்து காப்பாற்றினாள்.

வெட்டிய துண்டைப் பில்டர் வாயில் மாட்டியதும் தண்ணீர் நேரே பாயாமல் போத்தலில் முட்டி இரு பக்கமும் பரவியது. உறிஞ்சும் குழாயில் மீனின் வால் மாட்டாமலிருக்க ஒரு பஞ்சும் சொருகினோம். "அந்தக் குழாயைத் துணியால இறுக்கிக் கட்டினால் இன்னும் குறையுமே" என்றார் அண்ணை. "வரத்தை மறிச்சால் மோட்டர் எரியும்! போக்கைத்தான் அடக்கவேணும்" என்று ஐயா சீறினார். நாற்பது வருட உத்தியோகம் அந்தச் சீற்றத்தில் தெரிந்தது.

மகள் ஒருவரையும் எதிர்த்துப் பேசவில்லை. அடுத்த கிழமை டவுணுக்குப் போய் ஒரு பஞ்சுப் பில்டரும் சின்னக் காற்றுப் பம்பும் வாங்கி வந்தாள். நடுவில் ஒரு திருகு. திருகினால் குமிழி குறையும், தளர்த்தினால் கூடும். பற்றீரியாக்களுக்கும் குடியிருக்கப் பஞ்சு உண்டு. புதுப் பஞ்சில் அவை குடியேறும்வரை பழைய பில்டரையும் போத்தலோடு கொஞ்ச நாள் ஓடவிட்டுப் பிறகு கழற்றினாள். மீன் செடிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து வாலை முழுதாக விரித்தது. சாப்பாடு போட்ட இடத்திலேயே கிடந்தது. ஐயா வந்து உமி தூவிப் பார்த்துத் திருப்திப்பட்டார். திருகை அறுவடை முடியும்வரை ஒருவரும் தொடக்கூடாதென்றும் உத்தரவிட்டார்.

ஓட்டம் குறைந்ததில் ஒரு சிக்கல் உண்டு. பம்புக்குத் தூரமான மூலையில் அழுக்கு மெல்லப் படியும். கிழமைக்கொருமுறை ரியூப் போட்டு உறிஞ்சி எடுக்கவேண்டும். இதை முதலில் கண்டுபிடித்தவர் வாய்க்காலின் கடைசியில் வயல் செய்யும் என் மைத்துனர். தொட்டியைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, நிமிர்ந்து சொன்னார்:

"இஞ்சையும் கடைசி வயலுக்குத் தண்ணி வந்து சேரேல்லை, அத்தான். ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?"