ஐம்பது லட்சம் டாலர் காற்புள்ளி

அமெரிக்காவின் மெயின் மாநிலச் சட்டப்படி, கெட்டுப்போகும் உணவைப் பதப்படுத்துதல், சேமித்தல், அனுப்புவதற்காகக் கட்டுதல் அல்லது விநியோகம் என்று நீளும் வேலைகளுக்கு மிகைநேரச் சம்பளம் கிடையாது. பழைய ஆங்கில மூலத்தில் 'அல்லது'வுக்கு முன் காற்புள்ளி இருக்கவில்லை. விநியோகம் தனி வேலையா, விநியோகத்துக்காகக் கட்டுவதா? ஓக்கர்ஸ்ட் பால் நிறுவன ஓட்டுநர்கள் பிடித்துக்கொண்டார்கள்: நாங்கள் எதைக் கட்டினோம்? வண்டிதானே ஓட்டுகிறோம்! ஐயம் தொழிலாளிக்கே சாதகம் என்றது 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம். மறு ஆண்டு 50 லட்சம் டாலருக்குச் சமரசம். சட்டத்தை எழுதிய குமாஸ்தாவைத் திட்டவும் வழியில்லை; அந்தக் காற்புள்ளியைப் போடாதே என்பதே மாநிலச் சட்ட வரைவுக் கையேட்டின் உபதேசம்! பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது வேலைக்கு வேலை அரைப்புள்ளி. காற்புள்ளியா? அதை இன்னும் நம்பவில்லை போலும்.