செய்திக்குப் பல்லைப் பாருடா பேராண்டி

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. நீ ஸ்டேட்டஸ்ல போடுற கருத்தையெல்லாம் உன் அத்தை மகன் எனக்கு வாசிச்சுக் காட்டுனான். காலையில ஏழு மணிக்கு நீட்டைப் பத்தி ஒண்ணு. எட்டு மணிக்கு மும்மொழி. ஒன்பது மணிக்கு இலவசத்தால நாடு நாசமாப் போச்சுன்னு ஒண்ணு. பத்து மணிக்கு ஒண்ணையும் காணோமேடான்னு கேட்டேன். “காலேஜ் ஆரம்பிச்சிருக்கும் தாத்தா, தூங்குவான்”னான். நல்லதுதான். நாட்டுக்கும் செத்த நேரம் ஓய்வு வேணும்ல.

கோவிச்சுக்காத. கருத்து சொல்றது தப்புன்னு நான் எங்கடா சொன்னேன்? மதுரை கோச்சடையில பொறந்துட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தா முத்தையா சாமிக்கே பொறுக்காது. எனக்கு ஒரே விசனம்தான். எந்தச் செய்தி வந்தாலும் அது நேத்து ராத்திரிதான் பொறந்துச்சுன்னு நெனச்சுக்கிற.

மாட்டுத்தாவணின்னா உனக்கு பஸ் ஸ்டாண்டு. எங்களுக்கு அது மாட்டுச் சந்தை. மாடு வாங்கப் போனவன் தரகன் பேச்சைக் காதுல வாங்க மாட்டான். மூக்கணாங்கயித்தை இறுக்கிப் பிடிச்சு, உதட்டைப் பிதுக்கிப் பல்லைப் பார்ப்பான். ரெண்டு பல்லா, நாலு பல்லா, ஆறு பல்லா, இல்ல கடை சேர்ந்துருச்சா? தரகன் “கன்னுக்குட்டிண்ணே, கன்னுக்குட்டி”ன்னு சத்தியம் பண்ணிக்கிருப்பான். பல்லு வேற கதை சொல்லிரும். செய்திக்கும் பல்லு இருக்குடா. நீ கொம்புல சுத்துன ரிப்பனைப் பார்த்துட்டே விலை பேசிர்ற.

எங்க, உன் நீட்டு வாயை முதல்ல திறப்போம். நுழைவுத்தேர்வுங்கிறதே தமிழ்நாடு கண்டறியாத புதுச் சங்கதின்னு எழுதியிருக்க. கடை சேர்ந்த மாடுடா அது! எம்.ஜி.ஆர். காலத்துல, 1984லயே டாக்டருக்கும் இஞ்சினியருக்கும் நம்ம சர்க்காரே நுழைவுத்தேர்வு வச்சிருச்சு. உங்கப்பன் வயசுக்காரன் எல்லாம் பன்னெண்டாங் கிளாஸ் பரீட்சை முடிஞ்ச கையோட அதுக்கும் உக்காந்து எழுதுனவன்தான். கிராமத்துப் பிள்ளைக அடிபடுதுன்னு ஜெயலலிதா 2005ல ரத்து பண்ணிப் பார்த்தாங்க, கோர்ட்டு ஒத்துக்கிடல. அப்புறம் கருணாநிதி ஆட்சியில குழு போட்டு, 2006ல சட்டம் கொண்டாந்து, 2007ல ஜனாதிபதி ஒப்புதலும் வாங்குனாங்க. பத்து வருசம் மார்க்கை மட்டும் பார்த்து சீட்டு. 2017ல நீட்டு வந்து உக்காந்துருச்சு.

சரி, அந்தப் பத்து வருசம் பாலாறும் தேனாறும் ஓடுச்சான்னு கேளு. கேக்க மாட்ட. கேட்டா உன் கருத்து ரெண்டு வரியில முடியாதுல்ல. மார்க்குதான் எல்லாம்னு ஆனதும், கோழிப்பண்ணை ஊரு நாமக்கல் பக்கம் பள்ளிக்கூடப் பண்ணையும் பெருத்துச்சு. ஆஸ்டல்ல பூட்டி வச்சுப் படிக்க வச்சானுக. பதினொண்ணாங் கிளாஸ்ல சேர்ந்த அன்னைக்கே பன்னெண்டாங் கிளாஸ் புத்தகத்தைக் கையில குடுத்துருவான். ஒரே புத்தகம், ரெண்டு வருசம். பதினொண்ணாங் கிளாஸ் புத்தகம் கசங்காம அப்படியே பெட்டிக்குள்ள கெடக்கும், பிள்ளை கசங்கிரும். அப்படித் தாண்டிப் போன பாடமெல்லாம் நீட்டுல கேள்வியா வந்து நின்னப்போ முழிச்சுச்சுக. பாதிக் கேள்வி கிட்டத்தட்ட அந்தப் பதினொண்ணாங் கிளாஸ்தானே.

இந்தப் பதினொண்ணு இருக்கே, அதைக் கொஞ்சம் நின்னு பாரு. எங்க காலத்துல அதுதான் கடைசிப் படி. எஸ்.எஸ்.எல்.சி.ன்னா பதினொண்ணு, அதைத் தாண்டுனவன் காலேஜுல பி.யூ.சி. சேரலாம், தாண்டாதவன் வயக்காட்டுக்கு வரலாம். அப்ப இங்கன வயக்காடு இருந்துச்சு, நீ சிரிக்காத. 1978ல பிளஸ் டூ வந்து பி.யூ.சி.யை முழுங்கிருச்சு, பதினொண்ணு நடுப்படி ஆயிருச்சு. நடுப்படியை எவன் மதிப்பான்? தாண்டிக் குதிச்சானுக. அதைத் தடுக்கத்தான் பதினொண்ணுக்கும் பொதுத்தேர்வுன்னு 2017ல அறிவிச்சு, 2018 மார்ச்சுல முதல் பரீட்சை நடந்துச்சு. நீயும் எழுதுனல்ல? அன்னைக்கு உங்கம்மா உனக்கு நெத்தியில திருநீறு பூசி அனுப்புனா, நீ சென்டருக்குப் போய்த்தான் பேனாவைத் தேடுன.

2025 ஆகஸ்டு 8ஆம் தேதி மாநிலக் கல்விக் கொள்கைன்னு வெளியிட்டாங்க. பதினொண்ணுக்குப் பொதுத்தேர்வு கிடையாதுன்னு அதுல வந்துருச்சு. உன் தங்கச்சி பிழைச்சா. நீ அன்னைக்கு என்ன கருத்து போட்ட? “சூப்பர், ஸ்ட்ரெஸ் குறையும்.” குறையட்டும், வேணாங்கல. பரீட்சை எவனைத் தடுக்க வந்துச்சோ அந்தப் பள்ளிக்கூடப் பண்ணைக்காரன் இன்னும் கடையைச் சாத்தலையேடா. இனி அவன் பதினொண்ணாங் கிளாஸ் புத்தகத்தைப் பிரிப்பானா, திரும்பப் பெட்டிக்குள்ள போடுவானா? இதுக்கு ஒரு கருத்து சொல்லேன் பார்ப்போம். உன் தங்கச்சி புத்தகத்தை நான் நேத்துப் புரட்டிப் பார்த்தேன். முத ரெண்டு பாடத்துல பென்சில் கோடு, அப்புறம் பக்கமெல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கு. நான் ஒண்ணும் சொல்லல, நெகத்தால பிரிச்சு வச்சுட்டு வந்துட்டேன்.

நீட்டு கூடாதுன்னு சொல்றவனும் வேணுங்கிறவனும் ரெண்டு பேரும் என்கிட்ட வாங்கடா. வேணாம்னா, முன்ன மாதிரி மார்க்குப் பண்ணைக்கு மறுபடி பிள்ளையை அனுப்பாம இருக்க என்ன வழின்னு சொல்லு. வேணும்னா, லட்சம் லட்சமா கோச்சிங்குக்குக் கட்ட முடியாத கூலிக்காரன் மகளுக்கு என்ன வழின்னு சொல்லு. அரசுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம்னு 2020ல தனியா ஒதுக்குனாங்க பாரு, அதைச் செஞ்சவன் ஸ்டேட்டஸ் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கல. கணக்குப் போட்டுப் பார்த்தான்.

அடுத்தது மொழி. இது என்னைவிட மூத்த மாடு, பல்லே தேஞ்சுபோச்சு. 1938ல ராஜாஜி இந்தியைக் கட்டாயம்னாரு, 1940ல வாபஸ் ஆச்சு. 1965 ஜனவரி 25ல நம்ம மதுரையிலதான் தீப்பிடிச்சுச்சு. காலேஜ் பையங்க ஊர்வலம், கைகலப்பு, அப்புறம் தமிழ்நாடு பூராவும் கலவரம். எனக்குப் பதினாலு வயசு. எங்கப்பா என்னை வீட்டுக்குள்ள போட்டு வெளிய தாழ்ப்பாள் வச்சுட்டாரு. அதனால நேர்ல பார்த்தேன்னு உன்கிட்ட கதை விட மாட்டேன். தியாகராசர் கல்லூரியில படிச்சுக்கிருந்த காளிமுத்தும் நா. காமராசனும் முன்னால நின்னவங்க. ஒருத்தர் பின்னால மந்திரி, சபாநாயகர்னு போனாரு. இன்னொருத்தர் கவிஞர், சினிமாவுக்கும் பாட்டு எழுதுனாரு. அதே போராட்டத்துல வந்த சீனிவாசன்கிற பையன் 1967ல விருதுநகர்ல காமராசரையே 1,285 ஓட்டுல தோக்கடிச்சான். 68 ஜனவரியில அண்ணா சட்டசபையில தீர்மானம் போட்டு இருமொழின்னு முடிச்சாரு.

அந்த 65ஆம் வருசத்துப் பையங்க கொளுத்தணும்னு கெளம்புனது எதைன்னு தெரியுமா? அரசியல் சட்டத்தோட 17ஆம் பகுதியை. மொத்தப் புத்தகத்தையும் இல்ல. ஆட்சிமொழியைப் பத்தி 343லருந்து 351 வரைக்கும் இருக்கே, அதை மட்டும். கொளுத்துறவனுக்குக்கூட எந்தப் பக்கம்னு தெரிஞ்சிருந்துச்சுடா! நீ தேசியக் கல்விக் கொள்கையை எதிர்க்கிற, உன் கூட்டாளி ஆதரிக்கிறான். ரெண்டு பேரும் டீக்கடையில கிளாஸ் உடையிற மாதிரி கத்துறீங்க. எந்தப் பத்தியில மும்மொழி இருக்குன்னு கேட்டேன். அவன் உன்னையப் பார்க்கிறான், நீ அவனைப் பார்க்கிற, டீ மாஸ்டர் என்னையப் பார்க்கிறாரு. 4.13ஆம் பத்திடா. மூணுல குறைஞ்சது ரெண்டு இந்திய மொழியா இருக்கணும், எந்த மொழியையும் திணிக்க மாட்டோம்னு அதுல எழுதியிருக்கு. எழுதுனதும் நடக்கிறதும் ஒண்ணுதானான்னு அப்புறம் சண்டை போடு. படிச்சுட்டுச் சண்டை போட்டா சத்தமும் கொஞ்சம் குறையும், டீக்கடைக்காரருக்கும் கிளாஸ் மிஞ்சும்.

இலவசத்தைப் பத்தி எழுதுனியே, அப்ப உன் தட்டுல எத்தனாவது தோசைன்னு அப்பத்தா சொல்லிட்டா. மூணாவது. நீ திட்டுற இலவசத்துல ஒண்ணான பள்ளிக்கூடக் காலைச் சாப்பாட்டுத் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கி வச்சது 2022 செப்டம்பர் 15ல, நம்ம நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளிக்கூடத்துல. இங்கருந்து டவுன் பஸ்ல ஏறுனா அரைமணி நேரம். ஒருநாள் காலையில போய் எட்டிப் பாரு. அந்த மாட்டுக்கும் பல்லைப் பாரு: சென்னையில நீதிக்கட்சிக்காரங்க மாநகராட்சிப் பள்ளிக்கூடத்துல சோறு போட்டது நூறு வருசத்துக்கு முந்தி, காமராசர் மதியச் சோறு 1956, எம்.ஜி.ஆர். சத்துணவு 1982. பந்தியில வயிறு நிறைஞ்சவன்தான்டா சோத்தைக் குறை சொல்வான்.

மதுரை எய்ம்ஸ் ஆஸ்பத்திரியை நீ கிண்டல் பண்ணியிருந்த, அது மட்டும் எனக்குப் பிடிச்சுச்சு. 2019 ஜனவரியில தோப்பூர் எய்ம்ஸுக்கு அடிக்கல். 2022ல சேர்ந்த மொத ஐம்பது பிள்ளைகளுக்கும் பாடம் எங்க? ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில. மதுரை எய்ம்ஸ்ல சீட்டுக் கெடைச்சவன் மீனாட்சியம்மன் கோயிலைப் பார்க்கணும்னா பஸ் ஏற வேண்டியிருந்துச்சு. இதைக் கிண்டல் பண்ணலாம், தேதி கையில இருக்கு.

பள்ளிக்கூடத்துல கடைசி பெஞ்சை ஒழிக்கிற சமாச்சாரம் பால்பல்லு, விடு. ஒரு மலையாளப் படத்தைப் பார்த்துட்டு, 2025 ஜூலையில பிள்ளைகளை ‘ப’ வடிவத்துல உக்கார வைங்கன்னாங்க. கழுத்து வலிக்கும்னு அவனவன் சொல்லவும் நிறுத்தி வச்சாங்க. கடைசி பெஞ்சை எடுத்துட்டா உங்க தாத்தன் மாதிரி ஆளுக படிச்சதுக்கு அத்தாட்சியே இல்லாமப் போயிரும், அது மட்டும்தான் என் ஆட்சேபணை.

இந்த ஞாயித்துக்கிழமை வெள்ளன கெளம்பு. நத்தம் ரோட்டுல கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கு. 2023லயே திறந்தாச்சு, நீ வாசல்ல நின்னு போட்டோ மட்டும் பிடிச்சிருக்க. உள்ள போ. ஏசி இருக்கு, தூங்கிராத. பதினொண்ணாங் கிளாஸ் கதையை மட்டும் எடு, வேற எதையும் தொடாத. தேதியோட ஒரு பக்கம் எழுதிக்கிட்டு வா. ஸ்டேட்டஸ்ல போடுறதுக்கு முந்தி அடுப்படியில போய் அப்பத்தாகிட்ட வாசிச்சுக் காட்டு. அவ நாலாங் கிளாஸோட நின்னவ. அரிசி களைஞ்சுக்கிட்டே ஒரு கேள்வி கேப்பா பாரு, அதுக்கு மட்டும் எந்த ஊர்லயும் கோச்சிங் சென்டர் கிடையாது.