எங்களுக்கு இந்த வருசம் ப்ளஸ் டூ

போடிநாயக்கனூரில் ஏலமும் உண்டு, ஏலமும் உண்டு. மலையில் விளைவது ஒன்று. கீழே இறங்கி வந்ததும் ஸ்பைசஸ் போர்டு மையத்தில் அதை விற்பது இன்னொன்று. மூன்றாவதாகவும் ஒன்று இருக்கிறது. அது ஜூனில் தொடங்கி மே வரை வீடுகளுக்குள் நடக்கும். மாதிரித் தட்டில் பிள்ளை கிடப்பான். தரம் பார்ப்பவர், விலை சொல்பவர், விலை போதாது என்று தலையில் அடித்துக்கொள்பவர் எல்லாம் ஒரே ஆள்தான்.

அவர்தான் ப்ளஸ் டூ அப்பா. பெயர் எதற்கு? உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். எங்கள் ஊரில் அவர் ஏலக்காய் வியாபாரியாக இருப்பார். பூப்பாறைப் பக்கம் நாலு ஏக்கர் தோட்டமும் இருக்கும். எங்கே எந்த வேலையில் இருந்தாலும் நோய்க்குறிகள் மாறுவதில்லை.

முதல் குறி இலக்கணத்தில் தெரியும். டீக்கடையில் யாராவது, "என்னண்ணே, தம்பி என்ன படிக்கிறான்?" என்று கேட்டால், "எங்களுக்கு இந்த வருசம் ப்ளஸ் டூ" என்பார். தமிழில் 'நாங்கள்' என்றால் கேட்பவரை வெளியே நிறுத்திவிட்டுப் பேசுவது என்று பொருள். இவர் 'எங்களுக்கு' என்கிறபோது பையனையே வெளியே நிறுத்திவிடுகிறார். கெமிஸ்ட்ரியில் எங்களுக்கு ஆர்கானிக் கொஞ்சம் வீக் என்பார். டியூஷனில் எங்களுக்கு இன்னும் ரெண்டு பாடம் பாக்கி என்பார். இவருக்குத் தெரிந்த ஆர்கானிக் எல்லாம் மருந்தடிக்காத ஏலக்காய்தான்.

அடுத்து, கேபிள்காரருக்குப் போன் போகும். டி.வி. இல்லாத வீட்டில் பையன் தவிக்கமாட்டான். அவன் அதைப் பார்த்தே மூன்று வருடம் ஆகிறது. தவிப்பது அப்பத்தா. "ஏன்டா, ஒம் மகன் படிக்கிறதுக்கு என் நாடகம் என்னடா பண்ணுச்சு?" என்று கேட்டுவிட்டு, ஏழு மணி ஆனால் பக்கத்து வீட்டுத் திண்ணைக்குக் குடிபோய்விடுவார். பையனின் செல்போன் பீரோவுக்குள் போகும். அப்பாவின் செல்போன் மட்டும் ஹாலில் உட்கார்ந்து, 'படிப்பில் கவனம் சிதறாமல் இருப்பது எப்படி' என்ற வீடியோவை முழுச் சத்தத்தில் ஓட்டிக்கொண்டிருக்கும்.

சாப்பாட்டு இலாகா அம்மாவிடம். வல்லாரைத் துவையல், ஊறவைத்த பாதாம், பிறகு பால். ஏலக்காய் வியாபாரி வீட்டில் எப்போதும் வெடித்த காயும் சில்லறைக் காயும்தான் அடுப்படிக்கு வரும். நல்ல காய் மூட்டைக்குப் போகும். இந்த ஒரு வருடம் மட்டும் எட்டு எம்.எம். காய் பாலில் விழுகிறது. அந்தப் பாலோடு மணிக்கொரு தரம் கதவு திறக்கும். டம்ளரை வைக்கிற சாக்கில் புத்தகத்தில் எத்தனையாம் பக்கம் என்று ஒரு பார்வை. போன தடவையும் இதே பக்கம்தானே? பையனுக்கு இப்போது ஏலக்காய் வாசனை வந்தாலே வயிற்றைப் பிசைகிறது. போடியில் பிறந்தவனுக்கு இது எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்று யோசித்துப் பாருங்கள்.

நாலு மணி அலாரம் அப்பாவின் தனிச் சொத்து. காலையில் படித்தால்தான் மண்டையில் நிற்கும் என்பது அவர் கட்சி. பதின்வயதில் தூக்கம் வரவழைக்கும் மெலட்டோனின் இரவில் தாமதமாகத்தான் சுரக்கும். அதனால் அந்த வயதுப் பிள்ளைகளுக்கு இரவு சீக்கிரம் கண் சொருகாது, காலையில் சீக்கிரம் திறக்காது. இது உடம்பின் வேலை, சோம்பேறித்தனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 13 முதல் 18 வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவர்கள் சங்கம் 2016இல் பரிந்துரைத்தது. பகலில் படித்ததை மூளை அடுக்கி வைப்பதும் அந்தத் தூக்கத்தில்தான். நம் அப்பா பையனைப் பதினொன்றரை வரை விழிக்க வைத்து, நாலு மணிக்கு எழுப்பி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, ஐந்து மணிக்கு அவன் புத்தகத்தின் மேலேயே கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்து, "பொறுப்பே இல்ல" என்று தீர்ப்பு எழுதுகிறார்.

இதே மனிதரை ஏல மையத்தில் பார்க்க வேண்டும். முன்னால் கம்ப்யூட்டர். கைக்கு வந்த மாதிரியை உள்ளங்கையில் கொட்டி உருட்டுவார், ஒரு காயை உடைப்பார், மோந்து பார்ப்பார். முகத்தில் ஒரு கோடு அசையாது. 2019 ஆகஸ்டில் மலைக்கு அந்தப் பக்கம் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோதும் அவர் பல்லிடுக்கில் குச்சியோடு உட்கார்ந்திருந்தவர். ஆசையோ பயமோ வெளியே தெரிந்தால் வியாபாரம் போச்சு என்பது அவர் படித்த பாடம். வீட்டு வாசலில் செருப்போடு அந்தப் பாடத்தையும் கழற்றிப் போட்டுவிடுகிறார். யூனிட் டெஸ்டில் நாலு மார்க் குறைந்தால் வீடே இழவு வீடு.

போடிக்காரர்களுக்குப் பொறுமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மதுரை மீட்டர் கேஜ் வண்டி 2010 கடைசியில் நின்றது. அகலப்பாதை போட்டு 2023 ஜூன் 15ஆம் தேதிதான் மறுபடி ரயில் வந்தது. பன்னிரண்டரை வருடம் வெறும் ஸ்டேஷனைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்த ஊர் இது. அந்த ஊர்க்காரர், டிசம்பர் அரையாண்டுக்கும் ஜனவரித் திருப்புதல் தேர்வுக்கும் நடுவில் பையனின் மார்க் ஏன் ஏறவில்லை என்று கொதிக்கிறார்.

கொதிப்பு அதிகமானால் கணக்கில் இறங்குவார். ஏலச்சீட்டின் பின்பக்கத்தில் கட்ஆஃப் கணக்கு: மேத்ஸ் நூறு, பிசிக்ஸில் பாதி ஐம்பது, கெமிஸ்ட்ரியில் பாதி ஐம்பது, ஆக மொத்தம் இருநூறு. பையன் இன்னும் எழுதாத பரீட்சைக்கு 192.5 என்று இவரே போட்டு, அடியில் இரண்டு கோடும் இழுத்து வைத்திருப்பார். கணக்கு நிற்காத இடத்துக்குச் சாமி. சனிக்கிழமை குச்சனூர் சனீஸ்வரனுக்கு எள் தீபம். ஜோசியர் பையனுக்கு ஏழரை நடக்கிறது என்று சொல்லியிருக்கிறார். பையனுக்கும் அதில் சந்தேகமில்லை. அந்த ஏழரை லுங்கி கட்டிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருப்பதாகத்தான் அவன் நண்பனிடம் சொன்னான். அம்மா தன் பங்குக்கு வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள், 550க்கு மேல் வந்தால் தீச்சட்டி என்று. "யாரும்மா எடுக்கணும்? நானா?" என்று பையன் கேட்டதற்கு இதுவரை பதில் இல்லை.

அரையாண்டு ரிசல்ட் வந்த இரவு நான் அந்த வீட்டில் இருந்தேன். பையன் முற்றத்தில் தலைகுனிந்து நின்றான். அப்பா வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது தோட்டத்து ஸ்டோரிலிருந்து போன். அங்கே யாரோ அவசரத்தில் காய் உலர்த்தும் அறையின் சூட்டைக் கூட்டிவிட்டார்கள்.

"யோவ், ஒனக்கு எத்தன தடவய்யா சொல்றது? தீயக் கூட்டினா சீக்கிரம் காஞ்சிருமா? காய் வெடிச்சிரும்யா! பச்ச போயிரும்! நிதானமா விடு, அதுக்குன்னு ஒரு நேரம் இருக்குல்ல?"

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பத்தா பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். "என்னத்துக்கு எல்லாரும் என்னயவே பாக்குறீங்க?" என்று கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து பையனைத் திட்டத் தொடங்கினார்.

அவர் அலாரம் அடிக்கிற அதே நேரத்தில் ஊரின் இன்னொரு கோடியில் ஒரு அம்மா அடுப்பைப் பற்றவைக்கிறார். அவர் மகளும் ப்ளஸ் டூதான், அரசுப் பள்ளியில். அம்மா சோறு கட்டிக்கொண்டு ஜீப் ஏற வேண்டும்; முந்தல் தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவும் ஏறி, போடிமெட்டுக்கு அப்பால் கேரளத் தோட்டத்தில் நாள் முழுக்கச் செடியின் தூரோடு குனிந்து காய் எடுக்க வேண்டும். மகளை அவர் எழுப்புவதில்லை. ஜீப் ஹாரனைக் கேட்டு எழுந்துவிடப் போகிறாளே என்று டிரைவரிடம், "அண்ணே, எங்க வீட்டு வாசல்ல மட்டும் அமுக்காதீங்க" என்று சொல்லி வைத்திருக்கிறார்.

இரவு திரும்பியதும் வெங்காயம் உரித்தபடியே கேட்பார்: "இன்னைக்கு என்னடி நடத்துனாங்க? எனக்குச் சொல்லு."

ஒரு நாள் மகள் மரபியல் சொன்னாள். மெண்டல் என்று ஒரு பாதிரியார், பட்டாணிச் செடியை வைத்து ஆராய்ச்சி செய்தார்.

"பட்டாணிய எதுக்குடி வச்சாரு? ஏலம் வச்சிருக்கலாம்ல?"

மகள் சிரித்தாள். அம்மா யோசித்துவிட்டுத் தானே பதிலும் சொன்னார்: "ஏலம்னா காய் பாக்க மூணு வருசம் ஆகும். பட்டாணி சடக்குன்னு காய்ச்சிரும். அதான் வச்சிருப்பாரு."

மகள் சிரிப்பை நிறுத்திவிட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள். மெண்டல் பட்டாணியைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணங்களில் அதுவும் இருந்தது: குறுகிய வாழ்நாள் கொண்ட ஒருபருவச் செடி. அந்தக் கேள்வி இனி அவளுக்கு ஜென்மத்துக்கும் மறக்காது.

இந்த அம்மாவிடம் குறை இல்லாமல் இல்லை. பாடம் பாதியில் இருக்கும்போதே சுவரில் சாய்ந்து தூங்கிவிடுவார். மறுநாள், "நேத்து எங்கடி விட்ட? மொதல்ல இருந்து சொல்லு" என்பார். மகள் தலையில் அடித்துக்கொண்டு முதலிலிருந்து சொல்வாள்.

இப்படிப் படித்ததை நினைவிலிருந்து திரும்பச் சொல்வதை அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் சோதித்து 2006இல் வெளியிட்டார்கள். ஒரு கூட்டம் மாணவர்கள் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு கூட்டம் படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே கெட்டி. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்கள் கோட்டைவிட்டார்கள். நினைவிலிருந்து சொல்லிப் பழகியவர்களிடம்தான் பாடம் மிச்சம் இருந்தது. அதையும் ஒரே மூச்சில் செய்யாமல் நாள்விட்டு நாள் செய்தால் இன்னும் நன்றாக நிற்கும். ஆக, 'எனக்குச் சொல்லு' என்பது ஒரு முறை. பாதியில் தூங்கிப்போய் மறுநாள் மறுபடி கேட்பது அதைவிட மேலான முறை. அந்த அம்மா பள்ளியை விட்டது அஞ்சாவதில்.

மார்ச்சில் பரீட்சை வந்தது. பத்து மணிக்கு மணி அடித்தால் முதல் பத்து நிமிடம் வினாத்தாள் படிக்க, அடுத்த ஐந்து நிமிடம் விவரம் சரிபார்க்க, பத்தேகாலுக்கு எழுதத் தொடங்கினால் ஒன்றேகால் வரை. உள்ளே மூன்று மணி நேரம் பையன் எழுதினான். வெளியே வேப்பமரத்தடியில் அப்பா எழுதினார். வெளியே வந்த பையனிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டவில்லை, வினாத்தாளைப் பிடுங்கினார். "ஒன் மார்க் பதினஞ்சும் போட்டியா? ஏழாவதுக்கு என்ன போட்ட? பியா? சியில்ல வரணும்!" முடிந்துபோன பிசிக்ஸில் போன ஒரு மார்க்கை மீட்கப் போராடி, அடுத்து வரவிருந்த கெமிஸ்ட்ரியில் நாலு மார்க்கைத் தொலைத்தார்கள். கடைசிப் பரீட்சை முடிந்ததும் அப்பாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல்.

அவர் எதற்குப் பயந்தார் என்று நான் நினைத்துப் பார்த்ததுண்டு. தோற்றுவிடுவான் என்றா? 2024இல் ப்ளஸ் டூ எழுதியவர்களில் 94.56 விழுக்காட்டினர் தேறினார்கள். மிச்சமுள்ள ஐந்தரை விழுக்காடு அவர் கனவில்கூட வரவில்லை. அவர் பயந்தது பக்கத்து வீட்டுக்கு. உண்மையில் தோற்றுப்போகிற பிள்ளைக்கு ஜூன், ஜூலையிலேயே துணைத்தேர்வு இருக்கிறது, வருடம் வீணாகாது. சாப்பாடு இறங்காமல், தூக்கம் வராமல், பேச்சும் நின்றுபோன பிள்ளைக்கு 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் 14417 இருக்கிறது. இந்த எண்களைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்த வீடு ஒன்றையும் நான் பார்த்ததில்லை. கட்ஆஃப் கணக்கு ஒட்டியிருந்த கதவுகள் பல.

மே மாதம் ரிசல்ட்டும் வீரபாண்டித் திருவிழாவும் ஒரே வாரத்தில் வந்தன. பையன் 531. அந்த மகள் 538. தீச்சட்டி விஷயத்தில் அம்மன் என்ன முடிவெடுப்பாள் என்று அம்மா குழம்பி, எதற்கும் இருக்கட்டும் என்று தானே எடுத்துவிட்டாள். அப்பத்தாவுக்கு மறுநாளே கேபிள் வந்தது. அப்பா மட்டும் இன்னும் அந்தப் பத்தொன்பது மார்க்கைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என் மகள் ப்ளஸ் டூ எழுதிய வருடம் நாலு மணி அலாரம் வைத்தது நான்தான். வேப்பமரத்தடியில் எனக்கென்று ஒரு வேர் இருந்தது.

இந்த வருடம் உங்கள் வீட்டில் ப்ளஸ் டூ என்றால் ஒரு காரியம் செய்யுங்கள். ஹால் டிக்கெட் கைக்கு வந்ததும் ஒரு நிமிடம் உட்கார்ந்து, அதில் இருக்கிற போட்டோவை நன்றாகப் பாருங்கள். அது உங்கள் போட்டோ இல்லை.