லோங்காங்கும் எதிரொலியும்: ஆயர் தாவாரில் தானே பார்க் செய்யும் கார் பற்றிய சிற்றாய்வு

தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் வசதி ஒரு காருக்குக் கொள்ளத் தக்கதா, தள்ளத் தக்கதா என்பது ஈண்டு ஆராயப்படுகிறது. ஆய்வுக் களம், பேராக்கின் மஞ்சோங் மாவட்டத்தில் சித்தியவானுக்கும் புருவாஸுக்கும் நடுவிலுள்ள ஆயர் தாவார். இவ்வளவு சிறிய களம் எதற்கு என்று கேட்பார் உளர். கோலாலம்பூரில் கார் நிறுத்த இடம் இல்லை. அங்கே ஆராய ஒன்றுமில்லை, அழத்தான் முடியும். ஆயர் தாவாரில் இடம் இருக்கிறது. இருந்தும் எல்லாரும் அதே நாலு கடை வாசலில்தான் நிறுத்துகிறார்கள். ஆராய்ச்சிக்கு இதைவிட வளமான மண் கிடைப்பது அரிது.

முன்னோர் முடிபுகளை விரைந்து கடப்போம். 1930களில் ப்ரூக்ஸ் வாக்கர் என்னும் அமெரிக்கர், காரின் பின்னால் ஐந்தாவதாக ஒரு சக்கரம் வைத்து, பின்பக்கத்தை அப்படியே தூக்கிப் பக்கவாட்டில் தள்ளும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கார்க் கம்பெனிகள் கண்டுகொள்ளவில்லை. 2003இல் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் காரில் ஸ்டேரிங் தானே திரும்பியது. 2009இல் லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராயல் ஹாலோவே கல்லூரியின் கணிதப் பேராசிரியர் சைமன் பிளாக்பர்ன், இரண்டு கார்களுக்கு நடுவே ஒரே மூச்சில் நுழைவதற்குக் காரின் நீளத்துக்கு மேல் எவ்வளவு இடம் வேண்டும் என்று சூத்திரமே எழுதிவிட்டார். கார் திரும்பும் ஆரம், முன் பின் சக்கரங்களின் இடைவெளி, முன் சக்கரத்தைத் தாண்டி நீளும் மூக்கு, பக்கத்துக் காரின் அகலம் ஆகிய நான்கும் தெரிந்தால் போதும். நம்மூர்ச் சின்னக் கார் ஒன்றுக்கு உத்தேசமாக 4.7, 2.5, 0.8, 1.7 மீட்டர் என்று போட்டுப் பார்த்தால் விடை ஏறத்தாழ 1.34 மீட்டர் வருகிறது.

கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்த 1.34 மீட்டர் சும்மா கிடக்கும் என்று எண்ணியது பேராசிரியரின் வெள்ளை மனம். அதற்குள் இரண்டு கப்சாய் மோட்டார் சைக்கிள் நிற்கும். இல்லையேல் கடைக்காரர் போட்டுவைத்த சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் நிற்கும். ஸ்டூலைச் சென்சார் கண்டுகொள்ளும். அது தடைப்பொருள் என்றும் சொல்லும். இறங்கி நகர்த்தலாமா, நகர்த்தினால் இனி அந்தக் கடையில் கடனுக்கு அரிசி கிடைக்குமா என்பதைச் சொல்லாது.

இயந்திரத்தின் பக்கத்து நியாயத்தை மறைப்பது ஆய்வறம் ஆகாது. 2015இல் அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கம் சோதித்துப் பார்த்தபோது, பின்புறக் கேமராவை மட்டும் நம்பிய ஓட்டுநர்களைவிட இயந்திரம் சாலையோரக் கல்லில் இடித்தது 81 விழுக்காடு குறைவு. முன்னும் பின்னும் ஆட்டி அலைக்கழித்தது 47 விழுக்காடு குறைவு. நேரமும் 10 விழுக்காடு மிச்சம். அதே சோதனையில் சில கார்கள் ஓரக் கல்லுக்கு அரை அங்குலம் வரை நெருங்கிப் போய் நின்றன. இந்த அரை அங்குலத்தை வாசகர் மனத்தில் வைக்க.

ஏனெனில் அமெரிக்கத் தெருவோரத்தில் இருப்பது கல். நம் கடை வரிசையோரத்தில் இருப்பது லோங்காங்.

பம்பரில் பதித்த சென்சார்கள் காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பி, அது எதிலாவது பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணிக்கின்றன. சுவர், தூண், பக்கத்துக் கார் எல்லாம் எதிரொலி தரும். தரைக்குக் கீழே இறங்கும் பள்ளமோ ஒன்றும் தராது. சத்தம் போகிறது, திரும்பவில்லை. ஆகவே வழி நன்றாக இருக்கிறது என்று இயந்திரம் முடிவு கட்டுகிறது. மணிமேகலையில் சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதை, பொருளை அறியும் அளவைகளை அடுக்கும்போது அபாவத்தையும் சேர்த்துச் சொல்கிறது. ஓரிடத்தில் ஒன்று இல்லை என்பதை அறிவதும் ஓர் அறிவு. சென்சார்க்காரர்கள் காட்சி அளவையோடு நின்றுவிட்டார்கள். இன்மையை அறியும் அளவை ஆயர் தாவாரில் ஐந்தடியில் நின்று தேத்தாரே குடிப்பவரிடம் மட்டுமே உள்ளது. “தம்பி, ஓப்! லோங்காங்!” என்பது அபாவப் பிரமாணத்தின் முழு வடிவம்.

இப்பெரியவரைத் தனியே ஆராய வேண்டும். இவரை யாரும் நியமிக்கவில்லை. சம்பளம் இல்லை, பட்டணங்களில் காசு கேட்டு நிற்கும் ஆட்களோடு இவரைச் சேர்த்து எண்ணுவது பாவம். ஒரு கார் கோஸ்டான் எடுக்கத் தொடங்கியதும் கையிலிருக்கும் கிளாசைக் கீழே வைத்துவிட்டுத் தெருவுக்கு வந்துவிடுகிறார். தமிழராயின் “ஒடி, ஒடி, முழுசா ஒடி, நேர் பண்ணு, வா வா வா” என்பார். சீனராயின் “மாரி, மாரி, லாகி சிக்கிட்” என்பார். இரண்டும் ஒரே கையசைவோடு வருவதால் மொழி தெரியாத ஓட்டுநருக்கும் புரிகிறது. எதிரெதிர்த் திசையில் கையாட்டும் இருவர் ஒரே நேரத்தில் வந்துவிடுவதே இம்முறையின் ஒரே குறை.

இயந்திரம் வந்துதான் மனிதத் திறமை மங்கிற்று என்பாரும் உளர். அது பொருந்தாது. ஜேபிஜே சோதனையில் சைட் பார்க்கிங்கை நாம் எப்படித் தேறினோம்? கம்பு இந்தக் கண்ணாடியில் தெரிந்தால் இந்தப் பக்கம் முழு ஒடி, அடுத்த கம்பு அங்கே வந்தால் நேர் பண்ணு என்று பயிற்றுநர் சொல்லிக்கொடுத்ததை மந்திரம் போல் ஒப்பித்தோம். கம்பில்லாத தெருவுக்கு வந்த அன்றே மறந்தோம். காப்பிக் காசில் லைசென்ஸ் எடுத்தவர்களை இவ்வாய்வு கணக்கில் கொள்ளவில்லை. அவர்களுக்கு மறக்கவும் ஒன்றுமில்லை.

தோட்டப்புறத்தில் சிக்கல் வேறு. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் காலியாகி, மக்கள் தாமான்களுக்குக் குடிபோய்விட்டார்கள். திருவிழாவுக்கு மட்டும் தோட்டத்துக் கோயிலுக்கே திரும்புகிறார்கள், இப்போது காரில். முதல் கார் திடலுக்குள் வரும்போது எங்கு பார்த்தாலும் இடம். ஆனால் பல கார்களின் இயந்திரம் இரண்டு கார்களுக்கு நடுவிலுள்ள சந்தையோ தரையில் வரைந்த கோட்டையோ தேடும் குணமுடையது. இரண்டும் இல்லாத புல்தரையில் அது தேடிக்கொண்டே ஊர்கிறது. திடல் முழுவதும் காலியாக இருப்பதே அதற்கு இடமின்மை. கடைசியில் டார்ச் லைட் பிடித்த பையன் வந்து, “அக்கா, இப்படியே உட்டுட்டு இறங்குங்க” என்கிறான். சாமி புறப்பாடு முடிந்து திரும்பினால் முன்னால் மூன்று வரிசைக் கார்கள். உள்ளே நுழையத் தெரிந்த இயந்திரத்துக்கு அங்கிருந்து வெளியேறும் வழி தெரியாது. ஒலிபெருக்கியில் வண்டி எண்ணை வாசிக்கச் சொல்வதே அறியப்பட்ட ஒரே உபாயம்.

டவுனிலும் இதே கதைதான். டபுள் பார்க்கிங் செய்பவர் டபுள் சிக்னலைத் தட்டிவிட்டுப் போகிறார். மின்னும் விளக்கு இருக்கும்வரை அந்த வண்டி நிற்கவில்லை, நிற்கப்போகிறது என்பது அவருடைய சட்ட விளக்கம். 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் வழியடைப்பைக் குற்றம் என்கிறது. விளக்கு மின்னினால் தள்ளுபடி என்று எங்கும் சொல்லவில்லை.

இனி விலை. 2020 அக்டோபரில் புரோட்டோன் எக்ஸ்50 வந்தபோது இவ்வசதி அதன் உச்ச வகையில்தான் இருந்தது. அதன் விலை 103,300 வெள்ளி. அதற்கடுத்த கீழ் வகை 93,200. இடையிலுள்ள 10,100 வெள்ளியில் வலுவான எஞ்சினும் திறக்கும் கூரையும் இன்னும் பலவும் அடங்கும் என்பதால், பார்க்கிங்குக்கு மட்டும் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது. விற்பனையாளரும் பிரித்துச் சொல்ல விரும்புவதில்லை.

ஆகவே முடிபு பின்வருமாறு. ஸ்ரீ மஞ்சோங் ஏயோனுக்கு வாராவாரம் போகும் குடும்பம் வாங்கலாம். அங்கே கோடு உண்டு, தரை மட்டம், லோங்காங் இல்லை, ஸ்டூலும் இல்லை. கழுத்து வலியால் திரும்பிப் பார்க்க முடியாதவர்களும் வாங்கலாம். அவர்களைக் கேலி செய்வது இவ்வாய்வின் நோக்கமன்று. ஆயர் தாவார்க் கடைத்தெருவுக்கும் பசார் மாலாமுக்கும் மட்டும் போகிறவருக்குப் பின்புறக் கேமராவும், ஏர்கோனை அணைத்து இறக்கிவிட்ட கண்ணாடியும் போதும். ஏற்றிய கண்ணாடிக்குள் “ஓப்” நுழையாது.

இயந்திரம் வந்தால் அப்பெரியவருக்கு வேலை போய்விடுமே என்ற கவலைக்கு மட்டும் களத்தில் விடை கிடைத்தது. புதுக் கார் ஒன்று தானே ஸ்டேரிங்கைச் சுற்றிக்கொண்டு கடை வாசலில் பின்வாங்கியது. ஓட்டிய இளைஞரின் இரண்டு கையும் மடியில் இருந்தன. பெரியவர் வழக்கம்போல் வந்து நின்று, ஒடி ஒடி என்று கூவி, லோங்காங்குக்கு ஒரு சாண் முன்னால் பானட்டைத் தட்டி நிறுத்தினார். பிறகு ஜன்னல் பக்கம் குனிந்து, “நல்லாத்தான் ஒடிச்சீங்க தம்பி, ஆனா கடைசில கொஞ்சம் அவசரப்பட்டுட்டீங்க” என்றார். இளைஞர் மறுத்துப் பேசவில்லை; சாரி அங்கிள் என்றார்.