சீர்வரிசை டப்பாவில் ஒரு கோரஸ்

எங்கள் ஊர்ப் பெயரில் காவேரி இருக்கிறது. ஊரை ஒட்டி ஓடுவதோ தென்பெண்ணை. அந்த ஊரில் பிறந்தவன், பாடுகிறவர் ஒருவர்கூட இல்லாத ‘கோரஸ்’ பெடலைச் செய்யக் கிளம்பியதில் அதிசயம் இல்லை.

ஐம்பது வயதில் கிதார் பழகுகிறேன். ‘இளைய நிலா’ தொடங்கினால் அம்மா எழுந்துபோய்க் கதவைச் சாத்துவார். என் விரலில் கோளாறு என்று ஒப்புக்கொள்ள மனம் வருமா? ஒலியில்தான் செழுமை போதவில்லை என்று முடிவுகட்டினேன்.

இரண்டு நாகஸ்வரக்காரர்கள் ஒரே ஸ்வரத்தை ஊதினாலும் இம்மி முன்பின்னாக, இம்மி சுருதி விலகித்தான் விழும். அதனால்தான் மண்டபம் நிறைகிறது. ஒற்றைக் கிதாரை வைத்தே அந்த மாயத்தைக் காட்டுவது கோரஸ். 1976இல் ஜப்பானின் பாஸ் நிறுவனம் சி.இ.-1 என்ற பெடலில் இதைக் காலடிக்குக் கொண்டுவந்தது. உள்ளே இருக்கும் சூட்சுமம் 1969இல் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. தளம் போடும் அன்று சித்தாள்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றுவார்களே, அதேதான். எம்.என்.3207 என்ற எட்டுக்கால் ஐ.சி.க்குள் இப்படி 1024 சித்தாள்கள். ஒலி கைமாறிக் கைமாறிக் கடைசி ஆளிடம் சேர்வதற்குள் சில மில்லி விநாடி கழிந்துவிடும். பக்கத்தில் நிற்கும் எம்.என்.3102தான் மேஸ்திரி. அவர் விரட்டுவதைக் கூட்டிக் குறைத்தால் சுருதி நெளியும். நெளிந்ததை அசலோடு கலந்தால் கோரஸ்.

படிக்க எவ்வளவு சுலபம்!

பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்கு பஸ் ஏறி சாமான்கள் வாங்கிவந்தேன். சால்டரிங் புகையை அம்மா சாம்பிராணி என்று நினைத்து, “இப்பவாவது புத்தி வந்துச்சே” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கூடு உலோகமாக இருந்தால் இரைச்சல் அண்டாதாம். மனைவியின் எவர்சில்வர் டிபன் பாக்ஸில் ஓட்டை போட்டேன். மூன்று டிரில் பிட் மழுங்கியது. உலகத்தில் எந்தப் பெடலிலும் ‘மாமா வீட்டுச் சீர்’ என்று பெயர் வெட்டியிருக்காது.

சுவிட்சை மிதித்தேன். ‘ம்ம்ம்ம்’ என்று ஒரு முனகல், அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கடைக்காரரைத் திட்டித் தீர்த்தேன். போலி ஐ.சி. கொடுத்துவிட்டார் என்று தெரு முழுக்கச் சொன்னேன். கடைசியில் டி.வி. ரிப்பேர்க்காரர் ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். “சார், ரெண்டும் எட்டுக்கால்தான். ஆனா இடம் மாறி உக்காந்திருக்கு.” மேஸ்திரியின் இடத்தில் 1024 சித்தாள்கள்; சித்தாள்களின் இடத்தில் மேஸ்திரி. இரண்டும் கருகிவிட்டன. அவர் கூலி வாங்கவில்லை; ஒரு பொட்டலம் நிப்பட்டு வாங்கிக்கொண்டார்.

மறுபடி எஸ்.பி. ரோடு, அதே கடை.

“போன தடவை வாங்கினது நல்லா வேலை செய்யுதா சார்?”

“பிரமாதம். இது ஒரு நண்பருக்கு.”

இந்த முறை பேசியது. அறை முழுக்க ஒலி அலையலையாய் விரிந்தது. கண்ணை மூடி ‘இளைய நிலா’ வாசித்தேன். கதவு சாத்தும் சத்தம் கேட்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் அம்மா வாசலில் நிற்கிறார். அறைக்குள் யாரையோ தேடுகிறார்.

“யார்றா கூட வாசிக்கிறது? அவனுக்கும் உன்ன மாதிரியே வரலையே!”